பாதியாகக் குறைவது என்றால் நூறில் ஐம்பது பேர் அல்ல
மேலே ஒரு தம்பி, ‘மருந்தாளர் படிப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வுமுறைப் பாடம் வீண். ஒரு குளிசை மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கும் என்றால் நூறில் ஐம்பது பேர் தப்புவார்கள், அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை தம்பி. குளிசை போடாத 100 பேரில் 2 பேருக்கு மாரடைப்பு வருகிறது, போட்ட 100 பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வையுங்கள். அதுவும் பாதிதான், ஆனால் தப்பியவர் 100இல் ஒருவர். அந்த ஒருவரும் முக்கியம், அதனால் மருந்தை யாரும் நிறுத்தவேண்டாம். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் அந்தப் பாடம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் கிளினிக் மருந்துக்கு வரிசையில் நிற்கும் அம்மா ஒருவர், ‘இதைப் போட்டால் எனக்கு வராதுதானே?’ என்று கேட்டால், மருந்தாளர்தான் விளங்கப்படுத்த வேண்டும். எத்தனை பேரில், எத்தனை வருடத்தில் என்று அந்த மருந்தின் ஆய்வுக் கட்டுரையில் தேடிப் பார்க்கத் தெரியாதவர் அந்த அம்மாவுக்கு என்ன சொல்வார்?