ஒக்லஹோமாவுல குண்டு வெச்சது கோர்ட்டுக்கு இல்ல

1995-ல அமெரிக்காவுல ஒக்லஹோமா சிட்டில ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் பில்டிங்கையே குண்டு வெச்சு தகர்த்துட்டாங்க, அதனாலதான் அந்த குண்டுவெடிப்பு கேஸ வேற மாநிலத்துல இருக்கற டென்வருக்கு மாத்துனாங்கன்னு ஒரு ஃபார்வேர்ட் போட்டோவோட சுத்துது. தப்பு.

ஏப்ரல் 19 அன்னிக்கு தகர்ந்தது ஆல்ஃப்ரெட் முர்ரா ஃபெடரல் பில்டிங். அது கோர்ட்டே இல்லங்க, சோஷியல் செக்யூரிட்டி (அரசு பென்ஷன்) மாதிரி மத்திய அரசு ஆபீஸும் ஒரு குழந்தைகள் காப்பகமும் இருந்த இடம், செத்த 168 பேர்ல 19 பேர் குழந்தைங்க, அத நெனச்சாவது விவரத்த சரியா எழுதணும். மிச்ச இடிபாட்ட அந்த மே மாசமே இடிச்சாங்க, இப்ப அங்க நினைவிடம் இருக்கு.

கோர்ட் இருக்கறது அந்த பில்டிங்குக்கு தெற்குல, தெருவுக்கு எதிர்ப்பக்கம். அதுக்கும் சேதம்தான், ஆனா விழல, இன்னிக்கும் அங்கதான் நடக்குது. அந்த ஊர் ஜட்ஜோட ஆபீஸே சேதமானதால அவர் விசாரிக்கக் கூடாதுன்னு அப்பீல் கோர்ட் விலக்குச்சு, அதுக்கப்புறம் வந்த ஜட்ஜ் ரிச்சர்ட் மேட்ச், அங்க நியாயமான விசாரணை நடக்காதுன்னு 1996-ல டென்வருக்கு மாத்துனார்.

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளுக்கான ஆராய்ச்சி அமைப்பு ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர், அதோட வெப்சைட்ல மாநில வாரியா பழைய, புது கோர்ட் கட்டட விவரமெல்லாம் இருக்கு, பாத்துக்கலாம். அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, அனுப்புனவங்களுக்கும் இத சொல்லிடுங்க.