யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்டால்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய, சிறிய ஃபிளாட் தேடுபவரிடம் தரகர்கள் கோயிலையும் குளத்தையும் வரப்போகும் மெட்ரோவையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்களே தவிர, யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு நேரான பதில் சொல்வதில்லை. நாற்பது ஆண்டுக் கட்டடத்தில் சுவருக்கு என்ன மதிப்பு இருக்கிறது? நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த நிலப் பங்குக்குத்தான். உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம் வழிசெய்திருக்கும்போது, நாளை நமக்குக் கிடைக்கப்போவதையும் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கும்.

சென்ற மாதம் ஒருவர் காட்டிய கிரயப் பத்திர நகலில் யூடிஎஸ் அளவு உட்பட சொத்து விவரம் அடங்கிய பக்கம் மட்டும் இல்லை. "அட்வான்ஸ் போடுங்க சார், தாய்ப்பத்திரத்தோட சேர்த்தே தந்துடறேன்" என்றார். மொட்டை மாடி அறை யாருக்குச் சொந்தம் என்பதில் வழக்கு நடப்பதை மேல் வீட்டு மாமிதான் அக்கறையோடு சொன்னார். சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் இப்படிப்பட்டவை பெரும்பாலும் வருவதில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம் கட்டவேண்டிய ஒருவர், தான் வாங்கும் நிலத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்கு ஏன் இப்படிக் கெஞ்ச வேண்டும்?