வீட்டு சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

வீட்டில் சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "மானிட்டரிங்குக்கு எதைப் போடலாம்? லேசா ஏதாவது சொல்லுங்க." போன வருஷம் வரை நான் யோசிக்காமல், அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ராமிதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா என்று சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி ஓடுகிறது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் லினக்ஸும் டேட்டாபேஸ்களும். உள்ளேயே இருக்கும் 2 டிபி டிஸ்கில் குடும்பப் படங்கள். படங்களுக்கு இம்மிச், சினிமா பார்க்க ஜெல்லிஃபின், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன், மூன்றும் இந்த மினி பிசியில்தான். பக்கத்தில் ராஸ்பெரி பை 4 என்ற ஒரு குட்டிக் கணினி, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல். பேக்கப்புக்குத் தனி அடாப்டர் வைத்த ஒரு வெளி டிஸ்க். தினமும் ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி ஓடி, படங்களை எல்லாம் அந்த வெளி டிஸ்குக்கு எடுத்து வைக்கும்.

ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாயந்திரம் வந்தது. மினி பிசி தானாகவே எழுந்துகொண்டது. வெளி டிஸ்கின் அடாப்டர் எழவில்லை, போய்விட்டிருந்தது. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்குக்கு 'நோஃபெயில்' என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் பூட் ஆகட்டும் என்பதற்காக. அதனால் எந்தத் தகராறும் இல்லாமல் பூட் ஆகிவிட்டது. டிஸ்க் மவுண்ட் ஆக, அதாவது வந்து இணைய, வேண்டிய ஃபோல்டர் மட்டும் வெறுமையாக, எஸ்எஸ்டியின் மேலேயே இருந்தது. ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் எழுந்து பார்த்தது. பேக்கப் ஃபோல்டர் காலி. சரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்போம் என்று மொத்தப் படங்களையும் எஸ்எஸ்டிக்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் எஸ்எஸ்டி நிறைந்தது. இம்மிச்சின் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றது.

பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். மனைவி வந்து கேட்டாள்: "என்னங்க, போன்ல இருந்து போட்டோ எதுவும் ஏறவே இல்லையே?" அதற்குள் அவள் போனில் இடம் போதவில்லை என்று பழைய வீடியோக்களை அழித்திருந்தாள். மேலே ஏறியிருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்தானே. அழிந்ததில் மாமனாரின் சதாபிஷேகத்தில் எடுத்த முப்பது வீடியோவாவது இருக்கும். சொந்தக்காரர்களிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன சிலதை வாங்கினோம். மாமனார் மாலையைச் சரிசெய்துகொண்டே பேத்தியின் காதில் என்னவோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது ஒன்று. அது யாரிடமும் இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீட்டில் 'மானிட்டரிங்' இருந்தது. கிராஃபானாவில் 26 பேனல் போட்டு அழகாக ஒரு டேஷ்போர்டு. எஸ்எஸ்டி நிறைவதை அது கடைசி வரை சிவப்பில் காட்டியிருக்கிறது. பிறகு கோடு அறுந்துவிட்டது, ஏனென்றால் ப்ராமிதியஸும் அதே எஸ்எஸ்டியில்தான் எழுதிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். டேஷ்போர்டு கட்டி முடித்ததுமே வேலை முடிந்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து.

ப்ராமிதியஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது அது. நூற்றுக்கணக்கான சர்வீஸ்கள் ஓடும் இடத்தில், எது எதனால் மெதுவாகிறது என்று பல பேர் உட்கார்ந்து தோண்டிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டது. அந்த வேலைக்கு இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை என்றே நினைக்கிறேன். ஒரு மெஷினுக்கு ஆயிரம் அளவீடு, 15 நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 57,60,000 எண்கள். அத்தனையையும் ஒரு எண்ணுக்கு ஒன்றிரண்டு பைட் என்று சுருக்கி வைத்துவிடுகிறது, பெரிய சாமர்த்தியம். ஆனால் என் வீட்டில் அந்த 57 லட்சத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: பேக்கப் டிஸ்க் இருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்வியை மட்டும் நான் எங்கும் கேட்டு வைக்கவில்லை.

அதனால்தான் 'லேசான' கருவி என்று யாராவது கேட்டால், ரேமைப் பற்றி மட்டும் பேசாதீர்கள் என்கிறேன். ரேம் முக்கியம்தான். என் மினி பிசியில் ப்ராமிதியஸ், கிராஃபானா, அளவீடுகளை எடுத்துக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர், சிஅட்வைசர் நான்கும் சேர்ந்து முக்கால் ஜிபி எடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் அதைவிடப் பெரிய பாரம் நம் தலையில் ஏறுவது. நான்கு டாக்கர் கண்டெய்னரை (மென்பொருள் தனித்தனிப் பெட்டியில் ஓடும் முறை) அப்டேட் செய்ய வேண்டும், அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் ஃபைல்களை நினைவில் வைக்க வேண்டும், அலர்ட் எழுத அதற்கென்று ஒரு மொழி கற்க வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் ஆள் இதை எத்தனை நாள் செய்வார்? எனக்கு இப்போது ஒரே அளவுகோல்தான். புதிதாக ஒரு கருவியை நிறுவி, அதிலிருந்து முதல் எச்சரிக்கை என் போனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணி நேரத்துக்குள் வரவில்லையென்றால் அது என் வீட்டுக்கு ஆகாது.

இந்த அளவுகோலில் எனக்கு நின்றவை இரண்டு. ஒன்று, அப்டைம் குமா. லூயிஸ் லாம் 2021-ல் வெளியிட்டது. குமா என்றால் ஜப்பானிய மொழியில் கரடி. இது மெஷினுக்குள் எட்டிப் பார்க்காது, வெளியிலிருந்து கதவைத் தட்டும். 60 நொடிக்கு ஒருமுறை இம்மிச்சைத் தட்டும், வால்ட்வார்டனைத் தட்டும், பதில் வராவிட்டால் டெலிகிராமில் சொல்லும். வீட்டில் இருப்பவர்களுக்கு எது வேலை செய்யவில்லை என்று தெரிவதைத்தான் இதுவும் பார்க்கிறது, அதனால் இதன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். வைக்கும்போது மறுமுயற்சியை 3 என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டர் ஒரு நிமிஷம் இணைப்பு விட்டு எடுத்தாலே ஏழெட்டு செய்தி வந்து விழும்; ஒரு வாரத்தில் அந்தச் சத்தத்தையே காது ஒதுக்கிவிடும்.

குமாவால் இன்னொரு நன்மை. இணைய முகவரிகளுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் நிற்கும். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று அவர்களே மெயில் போடுவார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். குமா 21, 14, 7 நாள் இருக்கும்போது சொல்லும்.

இரண்டாவது, பெஸல். இது உள்ளே பார்க்கும் ஆள். கோ மொழியில் எழுதியது. எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஹப் ஒரு இடத்தில், தகவல் அனுப்பும் ஏஜெண்ட் ஒவ்வொரு மெஷினிலும். டிஸ்க், ரேம், வெப்பம், ஒவ்வொரு கண்டெய்னரும் எவ்வளவு தின்கிறது என்பது வரை வரும். என் மெஷினில் அதன் ஏஜெண்ட் 20 எம்பியைத் தாண்டியதில்லை. அலர்ட் வைப்பது ஒரு பட்டனை இழுத்து 80 என்று நிறுத்துவதுதான்.

மற்ற கருவிகளில், நெட்டேட்டா நொடிக்கு நொடி காட்டும், ஒரு பிரச்சினையைத் துரத்தும்போது அற்புதமான கருவி. என்னைப் போன்றவருக்கு எப்போதும் ஓட வேண்டியதில்லை. கிளான்சஸ், ஏற்கெனவே மெஷினுக்குள் லாகின் செய்துவிட்டவர் அப்போதைய நிலையைப் பார்க்க. ஜாபிக்ஸுக்கு ஒரு டேட்டாபேஸையே வளர்க்க வேண்டும். மோனிட் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை: சி மொழியில் எழுதிய சின்ன கருவி, சர்வீஸ் விழுந்தால் தானே தூக்கி நிறுத்தும். யாமலும் டாக்கரும் பிடிக்காத பழைய கைகளுக்கு அதையே சொல்வேன்.

ஆனால் நண்பர்களே, இந்தக் கருவிகளில் எதைப் போட்டிருந்தாலும், போட்ட இடம் தப்பாக இருந்தால் எனக்கு அந்தப் பதினோரு நாளும் அப்படியேதான் போயிருக்கும். காவல்காரரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திருட்டு நடந்தால் சொல்லுங்கள் என்பது மாதிரி. காவலுக்கு இருப்பது வேறு மெஷினில், வேறு பிளக்கில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் குமாவும் பெஸல் ஹப்பும் இப்போது ராஸ்பெரி பையில். கத்திரி வெயிலில் பை 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் அதை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் அலமாரியில் வைத்தாயிற்று.

சரி, பையே செத்தால்? மொத்த வீட்டுக்கும் கரண்ட் போனால்? இங்கேதான் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது. பல வீட்டு இணைப்புகளில் பொது ஐபி, அதாவது இணையத்தில் நம் வீட்டு முகவரி, நமக்கு என்று தனியாகக் கிடையாது, வெளியிலிருந்து யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஆனால் நாம் வெளியே குரல் கொடுக்கலாம். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை அதற்குத்தான் இருக்கிறது. 20 கண்காணிப்பு வரை இலவசம், மென்பொருளும் திறந்த மூலம். நம் மெஷின் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு முகவரியைத் தொட்டுவிட்டு வரும். தொடாவிட்டால் அங்கிருந்து நமக்குச் செய்தி வரும். பை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொடுகிறது.

பேக்கப்புக்கும் அதையேதான் செய்திருக்கிறேன், என் கண்ணுக்கு இந்தப் பதிவில் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளை: வெளி டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்கும், இல்லையென்றால் அங்கேயே வெளியேறும். கடைசி வரியில், இணைய முகவரியைத் தொடும் கர்ல் கட்டளை: ஆர்சிங்க் நல்லபடியாக முடிந்தால் மட்டும் ஹெல்த்செக்ஸைத் தொடும். நடுவில் என்ன காரணத்தால் நின்றாலும் சரி, டிஸ்க் இல்லை, இடம் இல்லை, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரான் ஓடவில்லை, நான் எதிர்பார்க்கவே செய்யாத ஏதோ ஒன்று, எதுவானாலும் அந்தத் தொடுதல் நடக்காது. இந்த இரண்டு வரி அன்றைக்கு இருந்திருந்தால் விடிகாலை மூன்று மணிக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

டிஸ்கின் உடம்பைப் பார்க்க ஸ்மார்ட்-டி (smartd) என்ற கருவி போதும். அதில் டிஸ்கின் கெட்டுப்போன பகுதிகளைக் கணக்கிடும் 5, 197, 198 ஆம் எண் அளவீடுகள் மூன்றும் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசைய ஆரம்பித்தால் அடுத்த டிஸ்குக்குக் காசு ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெஸல் ஏஜெண்ட் உட்படப் பல கருவிகள், டாக்கருக்குக் கட்டளை போகும் வழியான டாக்கர் சாக்கெட்டைக் கேட்கும். படிக்க மட்டும் என்று கொடுத்தாலும் அந்த சாக்கெட் வழியாக வரும் கட்டளைகளை அது தடுக்காது. கிட்டத்தட்ட ரூட் சாவியை, அதாவது மெஷினின் முழு அதிகாரத்தை, கொடுப்பதுதான். கண்டெய்னர் கணக்கு உங்களுக்குத் தேவையில்லையென்றால் கொடுக்காமலேயே ஓட்டுங்கள், டிஸ்கும் ரேமும் அது இல்லாமலும் வரும்.

டெலிகிராமில் இந்தச் செய்திகள் வரும் குரூப்பில் இப்போது நாங்கள் இருவரும் இருக்கிறோம். சிபியு ஏறியது, ரேம் ஏறியது என்பதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஜெல்லிஃபினில் படம் ஓடினால் சிபியு ஏறத்தான் செய்யும், அதை ராத்திரியில் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால், ஒரு சர்வீஸ் விழுந்தால், சான்றிதழ் முடியப்போனால், பேக்கப் வராவிட்டால், பை பேசாவிட்டால். ஐந்தே ஐந்து.

மாதத்தின் முதல் சனிக்கிழமை படுக்கப் போகும்முன் வெளி டிஸ்கை முறையாக அன்மவுண்ட் செய்து, அதன் பிளக்கைப் பிடுங்கி வைப்பேன். யாரிடமும் சொல்வதில்லை. போன மாதம் காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "ராத்திரி மூணு மணிக்கு பேக்கப் வரலைன்னு மெசேஜ் வந்திருக்கு, பாத்தீங்களா?" எழுந்துபோய் பிளக்கை மாட்டி, மவுண்ட் செய்து, பேக்கப்பைக் கையால் ஓடவிட்டு வந்தேன்.