தடை வைத்தால் தடை என்று எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும், முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை முடித்தவர்களின் பட்டியலில் "சாதாரண முறை, கட்டுப்பாடு இல்லை" என்ற பகுதியில் இருந்த என் தம்பியின் பெயரை வெட்டிவிட்டார்கள். அவன் கேமுக்குள் மணியடித்து, துணைக்கு ஆவிகளைக் கூப்பிட்டுச் சண்டை போட்டானாம். கட்டுப்பாடு இல்லை என்று நீங்களே எழுதிவிட்டு, எந்தக் கட்டுப்பாட்டை மீறினான் என்று வெட்டுகிறீர்கள்?

அந்த மணி களவாக எடுத்ததல்ல. கேமை மாற்றும் மோட் இல்லை, களவு வழியான சீட் இல்லை. கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எல்லே தேவாலயத்தில் ரென்னா என்ற சூனியக்காரி அதைக் கையில் தருகிறாள், கூடவே ஓநாய் ஆவிகளைக் கூப்பிடும் சாம்பலையும். கூப்பிடுவதும் சும்மா இல்லை, எஃப்பி என்ற மந்திர சக்தி குறையும், ஆடுபவரைப் போலவே உருவெடுக்கும் மிமிக் டியர் என்ற ஆவி என்றால் உயிரே குறையும். கேம் தந்ததை வைத்து கேமை முடிப்பதுதான் சாதாரண முறை. தந்ததை வேண்டாமென்று ஒதுக்கி ஆடினால் அது தடை போட்டு ஆடுவது. விரதம் பிடிப்பவர் பிடிக்கட்டும், மற்றவன் சாப்பிட்டது சாப்பாடே இல்லை என்று சொல்லாதீர்கள்.

கேமை வேகமாக முடிக்கப் போட்டி போடும் ஸ்பீட்ரன் ஆடுபவர்களைப் பாருங்கள். 'எனி பெர்சென்ட்' என்றால் எப்படியாவது முடித்தால் சரி. க்ளிட்ச், அதாவது கேமில் உள்ள பிழைகளைப் பாவிப்பது, கூடாதென்றால் 'க்ளிட்ச்லெஸ்' என்று தனிப்பெயர் வைத்து முதலே சொல்லிவிடுவார்கள். அந்த நேர்மையைத்தான் கேட்கிறேன்.

"ஆவி இருந்தால் யாரும் வெல்லலாமே அக்கா" என்று ஒருவர் எழுதியிருந்தார். கேமின் மிகக் கடினமான எதிரிகளில் ஒருத்தியான மலேனியாவிடம் போய்ப் பாருங்கள். அவள் உங்களை அடித்தாலும் உயிர் ஏறும், நீங்கள் கூப்பிட்ட ஆவியை அடித்தாலும் ஏறும். மிமிக் டியர் பலம் கூடிப்போனது என்று 2022 மார்ச்சில் கேம் செய்தவர்களே அதைக் குறைத்தார்கள். குறைத்தார்கள், எடுத்துவிடவில்லை. 2024இல் வந்த விரிவாக்கத்தில் ஆவிகளின் பலத்தைக் கூட்டுவதற்கென்றே தனிப்பொருள் வைத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு ஏன்?

தனியாக நின்று வெல்வது கஷ்டம்தான், மறுக்கவில்லை. அதற்குத் தனிப்பட்டியல் போடுங்கள், முதல் ஆளாக நானே கைதட்டுவேன்.

கஷ்டம் என்றதும்தான் எனக்குக் கோபம் கூடுகிறது. இந்த கேம் வந்த 2022இல் நாட்டில் எப்படிக் கரண்ட் வெட்டினார்கள் என்று மறந்துவிட்டதா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பரந்தனில் எங்கள் வீட்டில் இருந்தது யாரோ பாவித்துக் கழித்த மெஷின், சண்டை சூடாகும்போதெல்லாம் படம் இழுத்து இழுத்து நிற்கும். கொன்ட்ரோலரும் இல்லை, கீபோர்ட்தான். கரண்ட் வரும் நேரம் பார்த்து விடியப்புறம் எழும்பி ஆடினான், பகலில் வயலுக்கும் போனான். அந்தத் தடைகளை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்? நல்ல மெஷினும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொண்டு யூடியூப்பில் கேட்டதைத் திருப்பிச் சொல்பவர்கள், இந்தப் பெடியனுக்கு எது சாதாரணம் என்று வகுப்பெடுக்கிறார்கள்.

"ஒரு கேமுக்கு இவ்வளவு கதையா?" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆம், இவ்வளவுதான். அவன் முடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில் பெயரை வெட்டுவது சரியான வேலை இல்லை. வெட்டியவர்கள் எனக்கு மெசேஜ் போட்டு விளக்கம் தர வேண்டாம், அவனிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்.