தொப்பூர் இறக்கத்தில் காய்ச்சல்

பெரியவர்: காய்ச்சல், தம்பி. தொப்பூர் இறக்கத்தில் ஆரம்பித்தது.

தம்பி: உட்காருங்க ஐயா. மாத்திரை ஏதாவது போட்டீங்களா?

பெரியவர்: எனக்கு எதுக்கு மாத்திரை? காய்ச்சல் வண்டிக்கு. 99.9. என் கண்ணாலேயே பார்த்தேன்.

தம்பி: (பைக் சர்வீஸ் சென்டர் டேப்லெட்டைத் தடவியபடி) கம்ப்ளெயின்ட் லிஸ்ட்டில் 'ஓவர் ஹீட்' இருக்கு ஐயா. அதையே போட்டுவிடட்டுமா?

பெரியவர்: ஓவர் எல்லாம் இல்லை. நூறைத் தாண்டவே இல்லையே. லேசான காய்ச்சல்தான். ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது.

தம்பி: இஞ்சினைத் தொட்டுப் பார்த்தீங்களா?

பெரியவர்: இஞ்சின் என்றைக்குத்தான் சுடவில்லை? ஓரம் கட்டினேன். தோள் துண்டை நனைத்து மீட்டர் மேல் போட்டேன்.

தம்பி: மீட்டர் மேலேயா?

பெரியவர்: பின்னே, நெற்றியில் போடாமல் காலிலா போடுவாங்க? கொஞ்ச நேரத்தில் நம்பர் போய் வெறும் கோடு வந்தது. சரி, விட்டுவிட்டது என்று கிளப்பினேன். இரண்டு வளைவு தாண்டவில்லை, மறுபடியும் 99.9. ஆனால் திரும்பி வரும்போது அதே மேட்டில் ஏறினால் 31, 28 என்று இறங்கிவிட்டது. மலை இறங்கினால் சுடுது, ஏறினால் சில்லென்று ஆகுது. முறைக்காய்ச்சல்தானே இது?

தம்பி: ஐயா, அது காய்ச்சல் இல்லை. மைலேஜ். அந்த நிமிஷம் லிட்டருக்கு எவ்வளவு ஓடுது என்று காட்டும்.

பெரியவர்: 99.9 மைலேஜா? விற்கும்போது 45 என்றுதானே சொன்னீங்க? இவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தீங்களா?

தம்பி: இறக்கத்தில் நீங்க ஆக்சிலேட்டரை விட்டுவிடுவீங்க. வண்டி கியரில் அதுபாட்டுக்கு உருளும். அப்போது எஃப்ஐ சிஸ்டம், அதாவது இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கிற சிஸ்டம், பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். கிலோமீட்டர் ஓடுது, பெட்ரோல் செலவு சைபர். வகுத்தால் கணக்கே முடியாது. திரையில் அதுக்கு மேல் இடம் இல்லாததால் 99.9-லேயே நிற்குது.

பெரியவர்: அப்போ இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கினால்?

தம்பி: ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க ஐயா! லாரிக்காரங்க அப்படி நியூட்ரலில் இறங்கித்தான் அங்கே பிரேக் பிடிக்காமல் இடிக்கிறாங்க.

பெரியவர்: தெரியும். சும்மா கேட்டேன். காய்ச்சல் கூடுமா என்று.

தம்பி: காய்ச்சல் இல்லைங்க ஐயா.

பெரியவர்: சரி, மைலேஜ் என்றே வைத்துக்கொள். அடுத்த வரியில் ஒரு நம்பர் இருக்கே, அது என்ன?

தம்பி: அது ரேஞ்ச். இருக்கிற பெட்ரோலில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும்.

பெரியவர்: நல்லம்பள்ளி தாண்டும்போது அதில் 40 இருந்தது. தொப்பூர் கீழே இறங்கிப் பார்க்கிறேன், 52! பெட்ரோல் குட்டி போட்டிருக்கு. பங்க் பக்கத்திலேயே இருந்தது. குட்டி போடுகிற டேங்குக்கு எதுக்கு பெட்ரோல் என்று போடாமல் விட்டேன். திரும்பி ஏறும்போது 52 நாற்பதாகி, நாற்பது இருபதாகி, பிறகு கோடு போட்டுக்கொண்டது. ஏற்றம் முடிகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

தம்பி: கடைசியாக ஓடிய கொஞ்ச தூரத்தின் மைலேஜை வைத்துத்தான் அது கணக்கு போடும். இறக்கத்தில் கூடும், ஏற்றத்தில் குறையும். அது ஒரு உத்தேசம்தான்.

பெரியவர்: உத்தேசம் என்றால் உத்தேசமாகக் காட்ட வேண்டும். '52' என்று நறுக்கென்று போட்டால் நான் நம்பத்தானே செய்வேன்? அப்புறம், ரிசர்வ் குழாயை எங்கே வைத்தீங்க? இருட்டில் டேங்குக்குக் கீழே தடவித் தடவி கை எல்லாம் கரி.

தம்பி: ரிசர்வ் கிடையாது ஐயா. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் எஃப்ஐ வந்துவிட்டது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கு. குழாய்க்கு அங்கே வேலை இல்லை.

பெரியவர்: எனக்கு வேலை இருந்ததே. வண்டி இரண்டு தடவை இருமும். கண் ரோட்டில் இருக்கும், இடது கை தானாகப் போய்க் குழாயைத் திருப்பும். அடுத்த பங்க் வரை கவலை இல்லை.

தம்பி: இதில் பெட்ரோல் விளக்கு மின்னியிருக்குமே?

பெரியவர்: மின்னியது. அதோடு ஸ்பேனர் படம் ஒன்று மின்னியது. புளூடூத் மின்னியது. எது அழுதது, எது கண்ணடித்தது, யாருக்குத் தெரியும்? போகும்போது வேறு உச்சி வெயில். கூலிங் கிளாஸ் போட்டால் திரை கன்னங்கரேல். கழற்றினால் வெறும் வெள்ளை.

தம்பி: போலரைஸ்டு கிளாஸாக இருக்கும். எல்சிடி திரையின் மேலும் அதே மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும். இரண்டும் குறுக்காக நின்றால் வெளிச்சம் வராது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தெரியும் ஐயா.

பெரியவர்: நேஷனல் ஹைவேயில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனால், எதிரில் வருகிறவன் மீட்டர் பார்க்கிறான் என்றா நினைப்பான்?

தம்பி: ஆனால் ஐயா, பழைய முள் மட்டும் ஒழுங்கா? வளைவில் சாய்ந்தால் பெட்ரோல் முள்ளும் சாயும். மழையில் கண்ணாடிக்குள் வேர்த்துவிடும். ஸ்பீடு முள் நாற்பதில் நாட்டியம் ஆடும்.

பெரியவர்: ஆடட்டும். முள்ளும் பொய் சொல்லும், ஆனால் எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். காலி என்று காட்டினால் பாலக்கோடு வரை போகலாம். நேராக நின்றால் அறுபது. அதைப் படிக்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். உன் நம்பரைப் படிப்பதற்குள் அது மாறிவிடுது. 58, 59, 57, 60. ஏலம் விடுகிற மாதிரி இருக்கு.

(பையன் சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனாலும் காத்திருக்கும் நாற்காலியில் இருந்த நாங்கள் எல்லோரும் பெரியவர் கட்சிக்கு மாறிவிட்டோம். பெண்ணாகரத்துக்காரர் ஒருவர் தன் வண்டியையே மறந்துவிட்டார்.)

தம்பி: வண்டி எடுக்கும்போதே இதையெல்லாம் விளக்கிச் சொல்லியிருப்பாங்களே ஐயா?

பெரியவர்: எங்கே சொன்னாங்க? என் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தாங்க. மாலை போட்டாங்க. கேசரி கொடுத்தாங்க. வீட்டுக்காரியை வரச் சொல்லி மறுபடியும் போட்டோ. அட்டைச் சாவி எதைத் திறக்கும் என்று கேட்டதுக்குச் சிரித்தாங்க. கடைசியில் ஒருத்தர் வந்து, 'இதில் போன் வந்தால் மீட்டரிலேயே பேர் வரும் சார்' என்று சொல்லி என் போனை மாட்டிவிட்டார். பெட்ரோல் தீர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

தம்பி: பேர் வருவது நல்ல வசதிதானே?

பெரியவர்: நாலு ரோடு சிக்னலில் நிற்கிறேன். பின்னால் சம்பந்தி உட்கார்ந்திருக்கார். மீட்டரில் பெரிதாக வருது, 'வட்டிக்காரர்' என்று. சம்பந்தி மறுநாளே சீர் பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தம்பி: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) அதை ஆஃப் பண்ணித் தருகிறேன் ஐயா. வேறு ஏதாவது?

பெரியவர்: திரையில் ஒரு கீறல் இருக்கு பார். தக்காளி கிரேடு இறக்கும்போது மூலை இடித்தது. அந்தக் கண்ணாடியை மட்டும் மாற்றிவிடு.

தம்பி: கண்ணாடி தனியாக வராது. முழு செட்டாகத்தான் மாற்றணும். (டேப்லெட்டைத் திருப்பிக் காட்டுகிறார்.)

பெரியவர்: 8,640. இவ்வளவுதான் ஓடியிருக்கா? இன்னும் கூட இருக்கும் என்று நினைத்தேன்.

தம்பி: அது விலைங்க ஐயா.

பெரியவர்: இப்போது தொட்டுப் பார், எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

தம்பி: உள்ளே போர்டு, டிஸ்ப்ளே எல்லாம் ஒரே யூனிட்டாக...

பெரியவர்: தம்பி, என் பழைய வண்டியில் மீட்டர் முள் படுத்துவிட்டால் என்ன செய்வேன் தெரியுமா? முன் சக்கரத்தில் இருந்து ஒரு கேபிள் வரும். அதை உருவினால், உள்ளே முறுக்குக் கம்பி அறுந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கிரீஸ் தடவிச் செருகி, மேலே ஒரு நட்டு. டீ ஆறுவதற்குள் முள் எழுந்துவிடும்.

தம்பி: கேபிள் சுற்றினால் முள் எப்படி ஐயா நகரும்?

பெரியவர்: சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறாய் பார். கேபிள் முனையில் ஒரு காந்தம் சுற்றும். அதன்மேல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தில்தான் முள். காந்தம் கிண்ணத்தைத் தொடவே தொடாது.

தம்பி: அலுமினியத்தில் காந்தம் ஒட்டாதே?

பெரியவர்: ஒட்டாது. ஆனால் பக்கத்தில் காந்தம் சுற்றினால் கிண்ணத்துக்குள் கரண்டு சுழலும். அந்தக் கரண்டு கிண்ணத்தைக் காந்தத்தோடு சேர்த்து இழுக்கும். தலைமயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் அதைப் போக விடாமல் பிடிக்கும். இரண்டுக்கும் நடக்கிற இழுபறிதான் உன் வேகம்.

(ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கியது இந்த ஏற்பாட்டுக்குத்தான். நூறு வருஷத்துக்கு மேல் கோடிக்கணக்கான வண்டிகளில் அது ஓடியிருக்கிறது. பையன் டேப்லெட்டைக் கீழே வைத்தது அப்போதுதான்.)

தம்பி: சூப்பராக இருக்குங்க ஐயா. இதில் அதெல்லாம் இல்லை. சக்கரத்துப் பக்கம் ஒரு சென்சார் இருக்கும். எத்தனை சுற்று என்று எண்ணி போர்டுக்கு அனுப்பும். அவ்வளவுதான்.

பெரியவர்: எண்ணுவது நல்லதுதான். எண்ணியதைத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டாமா? இந்தா, பைக்குள் என் பழைய வட்ட மீட்டர் இருக்கு. இதை மாட்டிவிடு.

தம்பி: மாட்ட முடியாது ஐயா. இந்தச் சக்கரத்தில் கேபிள் செருக இடமே கிடையாது.

பெரியவர்: அப்போ கீறல் விழுந்த இடத்தின் மேல் ஒட்டிவிடு. முள் நகராவிட்டாலும் பரவாயில்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரியுமே.

தம்பி: வாரன்டி போய்விடும்.

பெரியவர்: கண்ணாடிக்கு வாரன்டி உண்டா?

தம்பி: இல்லைங்க, அது ஃபிசிக்கல் டேமேஜ்.

பெரியவர்: அப்போ இல்லாத வாரன்டிதானே போகும்? சரி விடு. கீறலோடவே இருக்கட்டும். கையெழுத்து எங்கே போடணும்?

தம்பி: இங்கேங்க. அப்புறம் ஐயா, நாளைக்கு ஒரு போன் வரும். சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பாங்க. கொஞ்சம் பத்து என்று சொல்லிடுங்க.

பெரியவர்: நீ நல்ல பையன். பொறுமையாகப் பதில் சொன்னாய். எட்டு போடுகிறேன்.

தம்பி: எட்டு சொன்னால் எனக்கு சைபர் மாதிரிங்க ஐயா.

பெரியவர்: ஒன்பது?

தம்பி: அதுவும் சைபர்தான். இன்சென்டிவில் கை வைப்பாங்க. பத்து இருந்தால்தான் கணக்கில் வரும்.

பெரியவர்: ஒன்று பத்து, இல்லாவிட்டால் சைபர். நடுவில் நிற்க முள்ளே வைக்கவில்லையா உன் கம்பெனிக்காரன்?

தம்பி: பத்து என்று மட்டும் சொல்லுங்க ஐயா, ப்ளீஸ்.