யாருக்குமே தெரியாத இடமாம்

அந்த வீடியோவை இதற்குள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக இன்பாக்ஸில் ஆளுக்கு ஒருவராக அனுப்பி "உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்று கேட்கிறார்கள். ஆமாம், எங்கள் பக்கம்தான். கீழக்குயில்குடி சமணர் மலைச் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வீடியோ எடுத்த யூடியூப் தம்பி வைத்த தலைப்பு: "மதுரைக்குப் பக்கத்தில் யாருக்குமே தெரியாத மர்மக் குகை."

யாருக்குமே தெரியாத இடத்துக்குப் படிக்கட்டு எப்படி வந்தது தம்பி? தொல்லியல் துறையின் பலகையை யார் நட்டது? அடிவாரத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது, தாமரைக்குளம் இருக்கிறது, ஆலமரத்தடியில் கல்யாண போட்டோ எடுக்க வரும் ஜோடிகள் இருக்கிறார்கள். நீங்களே கீழே வண்டியை நிறுத்தி வழி கேட்டுத்தானே ஏறினீர்கள்? அப்போது வழி சொன்னவர் 'யாருக்குமே'யில் சேர்த்தி இல்லையா?

"எனக்குத் தெரியாமல் இருந்தது" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

சரி, தலைப்பை விடுங்கள். வியூஸ் வேண்டும், பிழைப்பு. ஆனால் புடவுச் சிலையைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேசவிட்டு வெட்டிய விதம்தான் வயிற்றெரிச்சல். "காது எவ்வளவு நீளமா இருக்கு பாருங்க, அதான் செட்டியார். அவரு இருக்கற புடவு செட்டிப்புடவு" என்று மனுஷன் ஆசையாகச் சொல்கிறார். உடனே ஒரு சிரிப்புச் சத்தம், ஒரு காமெடி முகம். அப்புறம் "உண்மை என்னன்னா மக்களே" என்று ஆரம்பித்து மகாவீரர் பாடம்.

அது மகாவீரர்தான், சமணர்களின் தீர்த்தங்கரர்களில் ஒருவர். நான் எங்கே மறுத்தேன்? இதே அதிகப்பிரசங்கித்தனத்தை நானும் எட்டாம் வகுப்பில் செய்தவன். அப்பத்தாவோடு ஏறியபோது, "அது செட்டியார் இல்ல அப்பத்தா, தீர்த்தங்கரர்" என்றேன், பாடப்புத்தகத் திமிரில். அவள் முந்தானையில் முடிந்திருந்த கற்பூரத்தை எடுத்துக்கொண்டே, "யாரா இருந்தா என்னடா, மொதல்ல செருப்பக் கழட்டு" என்றாள். வீடியோவில் தம்பியின் கால்களைப் பாருங்கள். ஷூ, அதுவும் சிலையின் மடியை ஒட்டி.

இந்தக் கதைகளை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிவிட்டுக் கல்லாகிப் போனவை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சமணரை வில்லனாக்கும் கதைதான், நியாயமே இல்லாத கதைதான். ஆனால் இந்த மலைகளுக்கும் சமணருக்கும் ஏதோ இருந்தது என்பதை அது விடாமல் பிடித்து வைத்திருக்கிறதா இல்லையா? யானைமலைக்குப் போய்ப் பாருங்கள், தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன, பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் கல்வெட்டும் இருக்கிறது. சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கையைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். ஆளை மாற்றிவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். யாரோ பெரியவர்கள் வந்து தங்கிய இடம் என்பதை மறக்கவில்லையே.

"வீடியோ வந்தால்தானே நாலு பேருக்குத் தெரியும், பாதுகாப்பும் வரும்" என்பீர்கள். வந்த நாலு பேர் என்ன செய்தார்கள் என்று புடவுக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு வரும் ஒரு பெண், எதிரே யானை மேல் ஒருவன். ஆயிரம் வருஷத்துக்கு மேலான சிற்பம். பக்கத்துப் பாறையில் சாவியால் கீறிய அம்புவிட்ட இதயம். "அந்தக் காலத்திலும் பேர் வெட்டினாங்களே" என்று ஒரு புத்திசாலி கமெண்ட் போட்டிருக்கிறார். ஆமாம் சார், வெட்டினார்கள். இதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் வரிசைக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இன்னார் "செய்வித்த திருமேனி" என்று இருக்கிறது. திருமேனியைச் செய்வித்துவிட்டுப் பேர் போட்டார்கள். நீங்களும் ஒன்று செய்வித்துவிட்டு வாருங்கள், நானே உளி வாங்கித் தருகிறேன்.

பாதுகாப்பு யாரால் வந்தது என்பதற்கு மதுரைக்குப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024-இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருப்பது அந்த மீனாட்சிபுரம் மலையில்தான். தெருவில் இறங்கியது யார்? கிராமசபையில் தீர்மானம் போட்டது யார்? 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது அந்த ஊர்க்காரர்கள் நடந்த நடையால். அரிட்டாபட்டிக் குடைவரைக் கோயிலை 'இடச்சி மண்டபம்' என்று கூப்பிடுகிற, உங்கள் கணக்கில் வரலாறு தெரியாத, அதே ஜனங்கள்.

பொறாமை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் யூடியூப் சேனலும் கிடையாது, சப்ஸ்கிரைபரும் கிடையாது. அதற்கு மேல் பதில் இல்லை. "மலைக்குப் பட்டா வச்சிருக்கியா" என்றவருக்கு: இல்லை. அப்பத்தாவிடமும் இல்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் என் பெரியப்பா. கேமராவைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நேற்று போனபோது, "அந்தத் தம்பி எடுத்தது வந்திருச்சாமே, காட்டுடா" என்றார். சத்தத்தை அணைத்துவிட்டுப் போனை நீட்டினேன். அந்தக் காமெடி முகம் வருவதற்குள் நிறுத்திவிட்டேன்.

"சட்டை பளிச்சுனுதான் விழுந்திருக்கு. நான் பேசறது கேக்கலையே?"

"ஸ்பீக்கர் போயிருச்சு பெரியப்பா."