தீவுக் கடையின் விலைச்சிட்டையில் ஏறாத கணக்கு

ஸ்கொட்லாந்துத் தீவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கும். சிறுகடைக்காரர் கொள்ளை விலை சொல்கிறார், சுப்பர் மார்க்கெட் வந்ததால்தான் மக்கள் தப்பினார்கள் என்பது ஒன்று. சுப்பர் மார்க்கெட் வந்து சிறுகடைகளை விழுங்கிவிட்டது என்பது மற்றது. இரண்டு பக்கத்தாரும் பார்ப்பது விலைச்சிட்டையைத்தான். அந்த விலை எப்படி ஏறியது, ஏற்றியது யார் என்று இருவருமே கேட்பதில்லை. இந்த விடயத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சுப்பர் மார்க்கெட்டுக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்தின் ஒதுக்குப்புறக் கிராமங்களையும் தீவுகளையும் பற்றி 2013-ல் வெளிவந்த குறைந்தபட்ச வருமான ஆய்வு ஒன்று, அங்கே ஒரு குடும்பம் ஓரளவு நிம்மதியாக வாழ, பிரித்தானியாவின் மற்றப் பகுதிகளைவிட 10 முதல் 40 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டது. வீட்டைச் சூடாக்குவது, பெற்றோல், வீட்டுக்குப் பொருள் வரவழைக்கும் கட்டணம், உணவு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இப்படிப்பட்ட இடத்தில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவரிடமோ இரண்டு குழந்தைகளை வைத்திருக்கும் ஒரு தாயிடமோ போய், "உள்ளூர்க் கடையில்தான் வாங்க வேண்டும்" என்று உபதேசம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஸ்டோர்னவே, லேர்விக், கேர்க்வோல் ஆகிய தீவு நகரங்களில் பெரிய கடை இருப்பதால் அங்கே பலருடைய வீட்டில் பழமும் காய்கறியும் கூடுதலாக இருக்கின்றன. நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்கும் சங்கிலி நிறுவனம், கடல் கடக்கும் செலவைத் தன் எல்லாக் கடைகளின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுவிடுகிறது. வாங்குபவருக்கு அது பெரிய உதவி. இதை மறைத்துவிட்டுச் சிறுகடைக்காகப் பேசுவது நேர்மையாகாது.

சிறுகடைக்காரரால் அப்படிப் பங்கிட முடியாது. அவருக்கு இருப்பது ஒரு கடை. கடல் கடக்கும் செலவு முழுவதும் அந்த ஒரு கடையின் இறாக்கையில்தான் ஏற வேண்டும். பிரித்தானியாவில் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாங்கள் மொத்த வியாபாரியிடம் கொடுக்கும் விலையைவிடக் குறைந்த விலைக்குச் சுப்பர் மார்க்கெட் சில்லறையாக விற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள்தான் நம்மில் பலர். தீவில் அதே சுமைக்கு மேல் கப்பல் கூலியும் ஏறுகிறது.

அந்தக் கப்பல் கூலியை யார் தீர்மானிக்கிறார்கள்? இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கான கப்பல் கட்டணத்தில் 2008-ல் ஒரு நல்ல திட்டம் பரீட்சார்த்தமாக வந்தது. அதே தூரத்தைத் தரையில் காரோட்டிப் போனால் என்ன செலவாகுமோ, அதை அடிப்படையாக வைத்துக் கட்டணம் அறவிடும் முறை அது. வெளி ஹெப்ரிடீஸ், கோல், டைரீ தீவுகளில் தொடங்கி, 2015-க்குள் மேற்குக் கரைத் தீவுகளுக்குக் கப்பல் ஓட்டும் கல்மாக் நிறுவனத்தின் சேவைகள் எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. கார் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. தீவு மக்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் இடையில், 2012-ல், பெரிய வர்த்தக வாகனங்களுக்கு அந்தச் சலுகை விலக்கப்பட்டது.

இதன் விளைவை நடைமுறையில் நினைத்துப் பாருங்கள். தீவுவாசி ஒருவர் குறைந்த கட்டணத்தில் காரை ஏற்றிக்கொண்டு பெருநிலத்தில் உள்ள ஓபனுக்கோ இன்வெர்னஸுக்கோ போய், பெரிய கடையில் மாதச் சாமானை வாங்கி, காரின் பின்பக்கம் கொள்ளாத அளவுக்கு நிரப்பிக்கொண்டு திரும்பலாம். அதற்கு அரசின் மானியம் உண்டு. அதே கப்பலில், அதே தீவுக் கடைக்கு மாவும் பாலும் உருளைக்கிழங்கும் ஏற்றி வரும் லொறிக்கு அந்த மானியம் இல்லை. கார் வைத்திருப்பவருக்குச் சாமான் மலிவாகிறது. கார் இல்லாதவர், வயதானவர், கப்பலில் போய்வர உடம்பில் தெம்பில்லாதவர் விலை கூடிய கடையையே நம்பியிருக்கிறார். அதற்குப் பிறகு, "பார்த்தீர்களா, சிறுகடைக்குத் திறமை இல்லை" என்று சொல்வது என்ன நியாயம்? அந்த விலையில் ஒரு பங்கு அரசு எடுத்த முடிவு. கடைக்காரரின் பேராசை என்று மக்கள் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, கப்பல் வராத நாள். கல்மாக் கப்பல்கள் பலவற்றுக்கு வயதாகிவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த துயரம். 2015-ல் கட்ட ஒப்பந்தமாகி 2018-ல் ஓட வேண்டிய கிளென் சானொக்ஸ் என்ற கப்பல் 2025 ஜனவரியில்தான் பயணிகளை ஏற்றியது. 2023 ஜூனில் சவுத் யுய்ஸ்ட் தீவின் லொக்பொய்ஸ்டேல் துறைக்கான சேவை ஏறக்குறைய மாதம் முழுவதும் நிறுத்தப்பட்டபோது, மக்கள் வாகனங்களுடன் துறைமுகத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சுற்றுலாக் காலத்தில் இப்படி நடந்தால் கடைக்காரருக்கு அந்த ஆண்டின் வருமானமே ஆட்டம் கண்டுவிடும்.

கப்பல் ஒழுங்காக ஓடினாலும் இறாக்கை காலியாகலாம் என்பதை 2025 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் கோ-ஒப் என்ற சுப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. தீவுகள் பலவற்றில் பெரிய உணவுக் கடை என்று இருப்பது கோ-ஒப் மட்டும்தான். புயலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை, ஆனால் மே மாதத்தில் ஹெப்ரிடீஸ் கடைகளில் இறாக்கைகள் வெறிச்சோடின. எந்தக் கடைக்கு எவ்வளவு பால், எவ்வளவு பாண் என்று தீர்மானிப்பது கணினி. அது முடங்கியதும் தீவில் நிற்கும் ஊழியர் என்ன செய்வார்? நிறுவனம் பிறகு விழித்துக்கொண்டு, மிகத் தொலைவில் உள்ள 12 கடைகளுக்கு மும்மடங்கும் மேலும் 20 கடைகளுக்கு இருமடங்கும் சரக்கு அனுப்புவதாக அறிவித்தது. அந்தக் கடைகளை அவர்களே உயிர்நாடிக் கடைகள் என்று அழைத்தார்கள். சரியான பெயர்தான். உயிர்நாடி ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தீவில் பெரிய கடையும் இருக்கட்டும், ஆனால் வேறு மொத்த வியாபாரியிடம், வேறு வழியில் சரக்கு எடுக்கும் இரண்டாவது கடை ஒன்றும் உயிரோடு இருக்க வேண்டும். சிறுகடைக்கு ஆதரவான காரணங்களில் உணர்ச்சி கலக்காத காரணம் இதுதான். ஆனாலும் அதைத்தான் யாரும் பேசக் காணோம்.

ஹெப்ரிடீஸ் தீவொன்றின் சிறுகடையில் நான் பார்த்த ஒரு காட்சியை இங்கே சொல்ல வேண்டும். காசுப்பெட்டிக்குப் பின்னால் கீழ்த்தட்டில் பழுப்புக் கடதாசிப் பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர். ஒன்றில் பாணும் பத்திரிகையும், இன்னொன்றில் பூனைக்கான உணவு, மற்றொன்றில் மருந்துப் பொதி. கடைக்காரப் பெண்மணி ஒரு பையைக் கையில் எடுத்தார். "இவர் வழக்கமாகப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. உடனே தொலைபேசியை எடுத்து அழைத்தார். மறுமுனையில் குரல் கேட்டதும் அவருடைய தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தத் தொலைபேசி அழைப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. அதே வேலையை ஒரு சமூக சேவைத் துறை செய்யப்போனால் அதற்கு அலுவலகம், வாகனம், சம்பளம் எல்லாம் வேண்டும். பெரிய கடையில் வேலை செய்பவர்களும் அதே தீவின் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் மனம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அதற்கான நேரத்தை எந்த வேலை அட்டவணையும் கொடுப்பதில்லை.

தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். லூயிஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் தலைமுறைகளாக வேரூன்றியது. 2024 நவம்பரில் ஸ்டோர்னவேயில் உள்ள ரெஸ்கோ சுப்பர் மார்க்கெட் ஞாயிறும் திறக்கத் தொடங்கியது. எதிர்த்தும் ஆதரித்தும் தீவுக்குள் காரசாரமான வாதம் நடந்தது. ஞாயிறு திறப்பதை நான் குறைசொல்லவில்லை, வார நாள் முழுவதும் உழைப்பவர்களுக்கு அது உதவியாக இருக்கலாம். ஆனால் தீவின் வாரம் எப்படி நகர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் ஒரு நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வந்தது. ஆதரித்தவர்களுக்கும் இது உறுத்த வேண்டும். ஏனென்றால் நாளை இலாபம் போதாது என்று கதவை மூடும் முடிவும் அங்கிருந்தேதான் வரும்.

சிறுகடை என்றால் ஒரு குடும்பம் காலமெல்லாம் முதுகொடியச் சுமக்க வேண்டிய பாரம் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு வயதாகும், பிள்ளைகள் கிளாஸ்கோவுக்குப் போய்விடுவார்கள், கடை விற்பனைக்கு வரும், வாங்க ஆள் இருக்காது. தீவுகளில் இதற்கு விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். ஹைலண்ட்ஸ் தீவுகள் அபிவிருத்திச் சபை 1977-ல் சமூகக் கூட்டுறவுகளுக்கு உதவும் திட்டத்தைத் தொடங்கியது. ஓர்க்னித் தீவுக்கூட்டத்தின் பாபா வெஸ்ட்ரே தீவில் நூறு பேர்கூட இல்லை. அங்கே 1980-ல் உருவான கூட்டுறவுச் சங்கம், கடையையும் தங்கும் விடுதியையும் சேர்த்து நடத்துகிறது. சுற்றுலாப் பயணி விடுதிக்குக் கொடுக்கும் காசு, குளிர்காலத்தில் கடையின் விளக்கை எரியவைக்கிறது. இருபது பேரளவில் வாழும் கன்னா தீவின் சமூகக் கடைக்குப் பூட்டே கிடையாது. நள்ளிரவில் கரை சேரும் மீனவரும் உள்ளே போய், எடுத்ததைக் குறிப்பேட்டில் எழுதி, பணத்தை வைத்துவிட்டுப் போகலாம். 2015 ஜூனில் யாரோ புகுந்து இனிப்புகளையும் மின்கலங்களையும் கையால் பின்னிய கம்பளித் தொப்பிகளையும் திருடிக்கொண்டு போனபோது அது நாடு முழுவதும் செய்தியானது. அவ்வளவு அபூர்வம்.

1844-ல் இங்கிலாந்தின் றொச்டேல் நகர நெசவாளர்கள் கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் கிடைக்க வேண்டும் என்று தங்கள் சில்லறைகளைச் சேர்த்துத் திறந்த கடையின் வழிவந்ததுதான் இன்றைய கோ-ஒப். ஆகவே தீவில் உள்ள கோ-ஒப் கடையும் ஒருவகையில் மக்களுடையதுதான். ஆனால் பாபா வெஸ்ட்ரேயில் கடை நிர்வாகத்தில் குறை இருந்தால் நிர்வாகக் குழு உறுப்பினரை அன்று மாலையே வீதியில் மறித்துக் கேட்கலாம். கோ-ஒப் தலைமையகம் இருக்கும் மான்செஸ்டரில் உள்ளவரை எப்படி மறிப்பது?

என் கோரிக்கை பெரிதல்ல. எரிபொருளுக்கு ஏற்கனவே இப்படி ஒரு சலுகை இருக்கிறது. 2012 மார்ச் முதல் தீவுப் பகுதிகளின் எரிபொருள் நிலையங்களுக்கு லீற்றருக்கு 5 பென்ஸ் வரிச்சலுகை கொடுக்கப்பட்டது. தீவில் பெற்றோல் விற்பது செலவு கூடிய வேலை என்று அரசே ஒப்புக்கொண்டது என்றுதானே அதற்குப் பொருள்? பெற்றோலுக்கு ஒப்புக்கொண்டதை ஏன் பாலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை? தீவில் பதிவான கடைகளுக்கு உணவு ஏற்றிப்போகும் லொறிகளுக்குக் கார்களைப் போலவே தூரத்தை அடிப்படையாகக் கொண்ட கட்டணத்தை மீண்டும் கொடுக்கட்டும். மற்றவர்களைவிடத் தீவு மக்களைக் குறிப்பிடத்தக்க அளவில் வேறுவிதமாகப் பாதிக்கக்கூடிய கொள்கையை ஆராய வேண்டும் என்று 2018-ன் ஸ்கொட்லாந்துத் தீவுகள் சட்டம் பொது நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. கப்பல் கட்டணத்தை ஆராயும்போது காரில் வருபவரை மட்டும் எண்ணாமல், கார் இல்லாமல் கடைவாசலில் நிற்பவரையும் எண்ணட்டும்.

இதைப் படிக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு முல், ஐலா, ஹாரிஸ் என்று குடும்பமாகப் போகிறீர்கள். போகிற வழியில் பெரிய கடையில் இறங்கி ஒரு வாரச் சாமானை ஏற்றிக்கொண்டு, தீவில் கைவீசி நடந்துவிட்டு வராதீர்கள். அரிசியையும் மிளகாய்த்தூளையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், அங்கே அவை கிடைப்பது கடினம். பாண், பால், முட்டை, உருளைக்கிழங்கு, மீன், பெற்றோல் எல்லாவற்றையும் தீவிலேயே வாங்குங்கள். எட்டுப் பத்துப் பேராகப் போவதென்றால் சில நாள்களுக்கு முன்பே கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அடுத்த கப்பலில் வரும் சரக்கோடு உங்களுடையதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள், உங்களால் உள்ளூர்க்காரரின் பால் குறையாது.